லாபியும் அந்நியரும்: டிக்டாக் விவகாரத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

'லாபி' என்கிற சொல்லுக்கு இணையாகத் தமிழில் புழங்கும் சொல் ஒன்று நம்மிடம் இல்லை. 'ஆதரவு திரட்டல்' என்று அகராதிகளில் போடுகிறார்கள். யாரும் அப்படிப் பேசுவதில்லை. பேச்சில் 'ஆளப் பிடிச்சுக் காரியத்த முடிக்கிறது' என்போம். ஆனால் மேடையிலும் பத்திரிகையிலும் 'லாபி' என்று ஆங்கிலச் சொல்லாகவே அது வருகிறபோது கவனித்துப் பாருங்கள், முன்னால் ஓர் அடைமொழி கட்டாயம் நிற்கும். மலையாளி லாபி, வடநாட்டு லாபி, சர்க்கரை ஆலை லாபி. 'எங்க லாபி' என்று சொல்லிக் கொண்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. லாபி என்றால் அடுத்தவன் செய்வது. நாம் செய்தால் அது கோரிக்கை, மனு, தூதுக்குழு.

சீனத் தொழில்நுட்ப நிறுவனங்கள் அமெரிக்க அரசியலில் 'ஊடுருவுகின்றன' என்கிற பேச்சு கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக வாஷிங்டனில் ஓங்கி ஒலிக்கிறது. முதலில் ஹுவாவே, பிறகு டிக்டாக். இதைத் தொடர்ந்து வாசித்து வருகையில் எனக்கு இந்த அடைமொழி விவகாரம்தான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. அங்கே இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு கம்பெனி காசைக் கொட்டிச் சட்டம் இயற்றுபவர்களின் காதைப் பிடிக்கலாமா என்பது ஒன்று. அந்தக் கம்பெனி எந்த ஊர்க் கம்பெனி என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வியை உரக்கக் கேட்டால் முதல் கேள்வியைக் கேட்காமலேயே விட்டுவிடலாம். இதை விளக்குவதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நண்பர்கள் மத்தியிலும் இவ்விஷயத்தில் இரண்டு விதமான அனிச்சைச் செயல்கள் இருக்கின்றன. அமெரிக்கா சீனாவை அடிக்கிறது, ஆகவே சீன நிறுவனத்தின் பக்கம் நிற்பதே ஏகாதிபத்திய எதிர்ப்பு என்று ஒரு சாரார். 'சீனாக்காரன நம்ப முடியாதுங்க' என்று டீக்கடையில் சொல்வதையே கொஞ்சம் கலைச்சொற்களோடு சொல்கிறவர்கள் இன்னொரு சாரார். இரண்டுமே நம்மைச் சிந்திக்கும் சிரமத்திலிருந்து காப்பாற்றி விடுகின்றன.

முதலில் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்து விடுவோம். அமெரிக்காவில் லாபி செய்வது குற்றமல்ல, உரிமை. அரசிடம் முறையிடும் உரிமையை அவர்களது அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பாதுகாக்கிறது. கம்பெனிகளும் இந்தக் குடைக்குள்தான் வந்து ஒதுங்கியிருக்கின்றன. செய்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும், அவ்வளவே. இதற்கு இரண்டு பதிவேடுகள் இருக்கின்றன. ஒன்று 1938ஆம் ஆண்டின் அந்நிய முகவர் பதிவுச் சட்டத்தின் கீழ் வருவது. நாஜிப் பிரச்சாரம் குறித்த பயத்தில் பிறந்த சட்டம் அது. அதில் பெயர் எழுதியவர் யாரைச் சந்தித்தார், என்ன துண்டறிக்கை கொடுத்தார் என்பது வரை ஒப்பிக்க வேண்டும். 'அந்நிய முகவர்' என்கிற முத்திரையும் நெற்றியில் விழும். மற்றது 1995இல் வந்த லாபி வெளிப்படுத்தல் சட்டத்தின் கீழ் வருவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன விஷயம், எவ்வளவு பணம் என்று ஒரு படிவம் நிரப்பினால் போதும்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. வெளிநாட்டுத் தனியார் கம்பெனிக்காக லாபி செய்பவர், அந்த வேலையின் முதன்மைப் பயனாளி ஒரு வெளிநாட்டு அரசாக இல்லாத பட்சத்தில், இரண்டாவது பதிவேட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். ஜெர்மன் கார் கம்பெனி, ஜப்பானிய வங்கி, கொரியத் தொலைக்காட்சி நிறுவனம் எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் போய்வருகிறார்கள். ஆக, மூலதனத்துக்கு ஊர் கிடையாது என்பதைச் சட்டமே ஒப்புக் கொண்டிருக்கிறது, அது வெறும் மூலதனமாக மட்டும் இருக்கிற வரையில். சீனக் கம்பெனி வந்து நிற்கிறபோதுதான் சிக்கல். அது கம்பெனியா, அரசா? எந்தப் பேரேட்டில் எழுதுவது? கடந்த பத்தாண்டுச் சண்டை முழுவதும் இந்த இடுக்கில்தான் நடந்திருக்கிறது.

இந்தச் சண்டை புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1987இல் ஜப்பானின் டோஷிபா குழுமத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனம், நீர்மூழ்கிக் கப்பலின் சுழல் விசிறிகளைச் சத்தமின்றி இயங்கும்படி செதுக்கக்கூடிய இயந்திரங்களை சோவியத் யூனியனுக்கு விற்ற விவகாரம் வெளியே வந்தது. அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்கள் சிலர் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு முன்னால் டோஷிபா ரேடியோ ஒன்றை வைத்துச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள், காமிராக்களுக்கு முன்னால். அதே விற்பனையில் கூட்டாளியாக இருந்தது நார்வேயின் அரசு நிறுவனமான காங்ஸ்பெர்க். நார்வேக்காரர்களின் பொருள் எதையும் யாரும் புல்வெளிக்குக் கொண்டு வந்ததாகத் தெரியவில்லை. பிறகு டோஷிபா வாஷிங்டன் வக்கீல்களை வரிசையாக அமர்த்தியது. டோஷிபாவின் உதிரி பாகங்களை நம்பியிருந்த அமெரிக்கக் கம்பெனிகளும் தங்கள் உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதின. மொத்த டோஷிபாவின் இறக்குமதியையும் தடுக்க வேண்டும் என்று தொடங்கிய தண்டனை, 1988இல் சட்டமாக வருகிறபோது, தவறு செய்த கிளை நிறுவனத்துக்கு மூன்றாண்டு இறக்குமதித் தடை, தாய் நிறுவனத்துக்கு அரசு ஒப்பந்தம் மட்டும் கிடையாது என்று இளைத்துப் போயிருந்தது. சம்மட்டி டி.வி.யில் வந்தது. இளைத்தது வரவில்லை.

ஹுவாவேக்கு வருவோம். 1987இல் ரென் ஜெங்ஃபெய் தொடங்கிய நிறுவனம். அவர் மக்கள் விடுதலை இராணுவத்தில் பொறியாளராக இருந்தவர். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் உளவுத்துறைக் குழு 2012 அக்டோபரில் ஹுவாவே, இஸட்.டி.இ. ஆகிய இரு நிறுவனங்களையும் நம்பக் கூடாது, அவற்றின் கருவிகளை வாங்காதீர்கள் என்று அறிக்கை வெளியிட்டது. உளவு பார்த்ததற்கான நேரடிச் சான்று என எதுவும் அதன் பகிரங்கப் பகுதியில் இல்லை. கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை, பார்க்கலாம் என்றால் பார்க்கலாம் என்கிற மாதிரியான வாதங்களே இருந்தன. 2014 மார்ச்சில் ஸ்னோடன் ஆவணங்களிலிருந்து இன்னொரு கதை வந்தது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை ஹுவாவேயின் ஷென்ஜென் தலைமையகக் கணினிகளுக்குள் புகுந்திருந்தது. சீன இராணுவத்துடன் தொடர்பு உண்டா என்று தேடுவது ஒரு நோக்கம். ஹுவாவே கருவிகளை வாங்குகிற மூன்றாம் நாடுகளை அக்கருவிகள் வழியாகவே கண்காணிப்பது இன்னொரு நோக்கம்.

இது தற்செயலானதல்ல. சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏ.ஜி. என்றொரு நிறுவனம், உலகத்தின் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு இரகசியச் செய்தி அனுப்பும் கருவிகளை விற்றது. இந்தியாவும் வாங்கியது. அந்தக் கம்பெனியை 1970 முதல் அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறையும் சேர்ந்து இரகசியமாக வைத்திருந்தன என்பது 2020 பிப்ரவரியில் அம்பலமானது. தொலைத்தொடர்புக் கருவியை விற்பவன் அதற்குள் ஒரு காதையும் வைத்து விற்பான் என்று அமெரிக்கர்கள் சந்தேகப்படுவது வெறும் கற்பனையில் பிறந்ததல்ல, சொந்த அனுபவத்தில் விளைந்த ஞானம்.

இப்படிச் சொல்வதால் சீன நிறுவனங்களைப் புனிதர்களாக்கி விட வேண்டியதில்லை. அமைப்புகளும் குடிமக்களும் அரசின் உளவுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும் என்று சீனாவின் 2017ஆம் ஆண்டு தேசிய உளவுச் சட்டம் 7ஆம் பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. முடியாது என்று சொல்லி நீதிமன்றத்துக்குப் போய் ஜெயிக்கிற சீனக் கம்பெனியை நாம் கற்பனைகூடச் செய்ய முடியாது. தங்கள் ஊழியர்கள் சிலர், செய்தி கசியவிட்டவர்களைக் கண்டுபிடிப்பதற்காகப் பத்திரிகையாளர்களின் டிக்டாக் தரவுகளைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார்கள் என்று 2022 டிசம்பரில் டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸே ஒப்புக் கொண்டது. சீனாவை இடதுசாரிக் கண்ணோட்டத்தில் காப்பாற்ற வருகிற தோழர்கள் 2018ஐயும் மறக்கக் கூடாது. ஷென்ஜெனில் ஜாசிக் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் சங்கம் வைக்கப் போராடியபோது, அவர்களை ஆதரித்த மார்க்சிய மாணவர்களைப் பிடித்து உள்ளே வைத்தது அந்தக் கம்யூனிஸ்ட் அரசுதான். ஆக, சந்தேகத்துக்கு முகாந்திரம் உண்டு. முகாந்திரமுள்ள அந்தச் சந்தேகத்தை யார் கையில் எடுக்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் என் அக்கறை.

டிக்டாக் கதை இதற்கு நல்ல உதாரணம். 2019இல் பைட்டான்ஸ் வாஷிங்டனில் லாபிக்காகச் செலவழித்ததாகக் காட்டிய கணக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் டாலர். 2023இல் அது ஏறத்தாழ 87 லட்சம் டாலர். யார் யாரை அமர்த்தினார்கள் பாருங்கள்: குடியரசுக் கட்சியின் முன்னாள் செனட் தலைவர் டிரெண்ட் லாட், ஜனநாயகக் கட்சியின் முன்னாள் செனட்டர் ஜான் பிரோ. கட்சிக்கு ஒருவர். ஹுவாவேயும் 2021இல் ஜனநாயகக் கட்சி வட்டாரத்தின் பழைய கை டோனி பொடெஸ்டாவைப் பிடித்தது. ஒரே காலாண்டுக்கு 5 லட்சம் டாலர். 'ஊடுருவல்' என்கிறார்களே, அதற்கான ஆட்கள் பெய்ஜிங்கிலிருந்து விமானத்தில் வந்து இறங்கவில்லை. நேற்று வரை சட்டம் இயற்றியவர்களே இன்று வெளியே வந்து கடை விரித்திருக்கிறார்கள். கடைக்கு யார் வந்தாலும் வியாபாரம்.

அதே 2023இல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா காட்டிய லாபிச் செலவு ஏறத்தாழ 1 கோடியே 93 லட்சம் டாலர், பைட்டான்ஸைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தப் பணம் எதைப் பேசியது என்பதும் நமக்கு ஓரளவு தெரியும். 2019 அக்டோபரில் மார்க் ஸக்கர்பெர்க் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் கருத்துச் சுதந்திரம் பற்றி ஒரு பேருரை ஆற்றினார். எங்கள் செயலிகளில் போராட்டக்காரர்கள் பேசலாம், டிக்டாக்கில் அமெரிக்காவிலேயே தணிக்கை என்பது அதன் சாரங்களில் ஒன்று. 2022 மார்ச்சில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை இன்னொன்றை அம்பலப்படுத்தியது. மெட்டா, 'டார்கெட்டட் விக்டரி' என்கிற குடியரசுக் கட்சி ஆலோசனைக் கம்பெனிக்குப் பணம் கொடுத்து, டிக்டாக் குழந்தைகளுக்கு ஆபத்து என்கிற செய்திகளை ஊர் ஊராகப் பரப்ப வைத்திருந்தது. உள்ளூர்ப் பத்திரிகைகளில் 'கவலைப்படும் பெற்றோர்' பாணியில் ஆசிரியருக்குக் கடிதங்கள் வந்தன. பின்னால் மெட்டா இருப்பது தெரியாது. டிக்டாக்கில் பரவியதாகச் சொல்லப்பட்ட சில விபரீத 'சவால்'கள் உண்மையில் ஃபேஸ்புக்கில்தான் முதலில் கிளம்பின. சீன எதிர்ப்புத் தேசபக்தி என்று நமக்குக் காட்டப்படுவதில் எவ்வளவு பங்கு விளம்பரச் சந்தைக்கான போட்டி என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

பைட்டான்ஸ் 'சீனக் கம்பெனி' என்பதையும் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். பதிவு கேமன் தீவில். அதன் சொல்லுப்படி ஏறத்தாழ 60 சதவிகிதம் உலக முதலீட்டு நிறுவனங்களின் கையில். அவற்றில் பெரியது பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா. சுமார் 15 சதவிகிதம். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜெஃப் யாஸ் குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு அள்ளிக் கொடுக்கும் பெருந்தனக்காரர். 2020இல் அதிபராக இருந்தபோது டிக்டாக்கைத் தடை செய்ய உத்தரவு போட்டவர் டொனால்ட் டிரம்ப். 2024 மார்ச் தொடக்கத்தில் யாஸ் ஆதரிக்கும் ஓர் அமைப்பின் கூட்டத்தில் இருவரும் சந்தித்தார்கள். அடுத்த சில நாட்களில், டிக்டாக்கை மூடினால் ஃபேஸ்புக் கொழுக்கும் என்று டிரம்ப் மாற்றிப் பேசினார். டிக்டாக் பற்றி நாங்கள் பேசவேயில்லை என்றார். இருக்கலாம். பேச வேண்டிய அவசியமே இல்லாத நிலைக்குத்தான் வெற்றிகரமான லாபி என்று பெயர். அதே சமயம், பெய்ஜிங்கில் உள்ள பைட்டான்ஸின் ஒரு கிளையில் 1 சதவிகிதப் பங்கைச் சீன அரசு சார்ந்த நிறுவனம் வைத்திருக்கிறது, இயக்குநர் குழுவில் ஓர் இருக்கையோடு. எந்தப் பங்கு பேசும், எந்தப் பங்கு பேசாது என்பதைச் சதவிகிதத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

2024 ஜனவரி 31 அன்று செனட் குழு முன்பு டிக்டாக்கின் தலைமை அதிகாரி ஷோ ஸி ச்யூ நிறுத்தப்பட்டார். குழந்தைகள் பாதுகாப்பு பற்றிய விசாரணை. செனட்டர் டாம் காட்டன் அவரிடம் எந்த நாட்டுக் குடிமகன், வேறு குடியுரிமைக்கு விண்ணப்பித்தது உண்டா, சீனக் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தது உண்டா என்று அடுக்கிக்கொண்டே போனார். தான் சிங்கப்பூர்க்காரன் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சிங்கப்பூரில் கட்டாய இராணுவ சேவை செய்தவர் அவர். ஆனால் கேள்வி நிற்கவில்லை. எட்வர்ட் செய்த் கீழைத்தேயவாதம் என்று பேசியதைப் பாடமாக நடத்துகிறவர்கள் அந்த ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டினாலே போதும். முகத்தைப் பார்த்ததும் பாஸ்போர்ட் மறைந்து விடுகிறது. 2018இலிருந்து 2022 பிப்ரவரி வரை 'சீன முன்முயற்சி' என்கிற பெயரில் அமெரிக்க நீதித்துறை நடத்திய வேட்டையில் சீன வம்சாவளி விஞ்ஞானிகள் பலர் வழக்கைச் சந்தித்து, வழக்கு நிற்காமல் விடுவிக்கப்பட்ட கதைகளும் இதோடு சேர்ந்தவைதான். கம்பெனி மீதான சந்தேகம் கம்பெனியோடு நிற்பதில்லை.

அடுத்த மாதங்களில் நடந்ததுதான் என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரத்தின் மையம். டிக்டாக்கை விற்று விடு, இல்லையேல் மூடு என்கிற மசோதாவை மைக் கல்லகரும் ராஜா கிருஷ்ணமூர்த்தியும் கொண்டு வந்தார்கள். (பின்னவர் டில்லியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். யார் உள்நாட்டார், யார் அந்நியர் என்பதில் அமெரிக்கா காட்டும் தாராளமும் கஞ்சத்தனமும் ஒரே மசோதாவில்!) மார்ச் 7 அன்று டிக்டாக் தன் பயனாளிகள் பலருக்குத் திரையில் ஓர் அறிவிப்பு காட்டியது: உங்கள் உறுப்பினருக்குப் போன் செய்து தடையை நிறுத்தச் சொல்லுங்கள். காங்கிரஸ் அலுவலகங்களின் தொலைபேசிகள் ஓயாமல் அடித்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடக் கூப்பிட்டார்கள். உறுப்பினர்கள் கொதித்துப் போனார்கள். பார்த்தீர்களா, சீனக் கம்பெனி நம் பிள்ளைகளை எப்படி ஏவுகிறது, நாங்கள் சொன்ன ஆபத்து இதுதான் என்றார்கள். அன்றே குழுவில் 50க்கு 0 என்று மசோதா நிறைவேறியது. 13ஆம் தேதி பிரதிநிதிகள் சபையில் 352க்கு 65.

இப்போது 2012 ஜனவரி 18ஐ நினைத்துக் கொள்ளுங்கள். இணையத் திருட்டைத் தடுக்க வந்த ஒரு மசோதாவை எதிர்த்து விக்கிபீடியா தன் ஆங்கிலப் பக்கங்களை 24 மணி நேரம் கறுப்பாக்கியது. கூகுள் தன் முத்திரையின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டி, உங்கள் உறுப்பினரிடம் சொல்லுங்கள் என்றது. போன்கள் அடித்தன. உறுப்பினர்கள் பின்வாங்கினார்கள். அதை இணைய ஜனநாயகத்தின் திருநாள் என்று கொண்டாடினார்கள். 2015 ஜூலையில் நியூயார்க் மேயர் டி பிளாசியோ ஊபர் கார்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட முனைந்தபோது, ஊபர் தன் செயலியிலேயே மேயரின் பெயரில் ஒரு பொத்தான் வைத்து, வண்டிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டிவரும் என்று பயமுறுத்தி, அவருக்கு மின்னஞ்சல் அனுப்பவும் வழி செய்து கொடுத்தது. மேயர் விட்டுக் கொடுத்தார். பத்திரிகைகள் அதைச் சாமர்த்தியம் என்றன.

நமக்கும் ஒன்று நடந்தது. 2015 டிசம்பரில் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்ற பெயரில், தான் பொறுக்கியெடுத்த சில தளங்களை மட்டும் ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுப்பதாக ஃபேஸ்புக் சொல்லிக் கொண்டிருந்தபோது, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மக்களின் கருத்தைக் கேட்டது. ஃபேஸ்புக் தன் இந்தியப் பயனாளிகளின் திரையில் ஒரு கடிதத்தைத் தயாராக எழுதி வைத்து, இதை ஆணையத்துக்கு அனுப்பு என்று தூண்டியது. அழுத்தினால் போதும். லட்சக்கணக்கில் போய்க் குவிந்தன. பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம், தெருவில் தட்டிகள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கருத்துக் கேட்பைத் தலை எண்ணும் வேலையாக மாற்றப் பார்க்கிறார்கள் என்று ஆணையமே கடிந்து கொண்டது. 2016 பிப்ரவரி 8 அன்று அப்படிப்பட்ட பாகுபாட்டுக் கட்டணங்களைத் தடை செய்தது. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கோடிக்கணக்கான இந்தியர்களின் விரலைக் கொண்டு இந்திய அரசு அமைப்பை நெருக்கியது, அவ்வளவுதானே? 'அமெரிக்க ஊடுருவல்' என்று யாரும் ஃபேஸ்புக்கின் இந்திய அலுவலகத்தைச் சோதனை போடவில்லை. போட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்த நான்கு சம்பவங்களிலும் நுட்பம் ஒன்றே: செயலியை வைத்திருப்பவன், பயன்படுத்துபவனைத் தன் லாபிக்காரனாக, சம்பளமில்லாமல், மாற்றுகிறான். ஒன்று ஜனநாயகம், ஒன்று சாமர்த்தியம், ஒன்று மார்க்கெட்டிங், ஒன்று மட்டும் படையெடுப்பு.

இந்த நுட்பத்தை எதிர்த்து ஒரு சட்டம் வந்திருந்தால் நான் கைதட்டியிருப்பேன். எந்தச் செயலியும் தன் பயனாளிகளின் தரவுகளை இவ்வளவு சேர்க்கக் கூடாது, விற்கக் கூடாது, தன் கம்பெனி நலனுக்காக அவர்களை ஏவக் கூடாது என்று ஒரு பொதுச் சட்டம். அமெரிக்காவில் அப்படியொரு விரிவான தேசியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கிடையாது. அதைத் தடுத்து வருவதில் உள்நாட்டு லாபிகளுக்குப் பெரும் பங்குண்டு. அதற்குப் பதில் பெயர் சொல்லி ஒரு கம்பெனிக்காக ஒரு சட்டம் வந்தது. 2024 ஏப்ரல் 24 அன்று பைடன் கையெழுத்திட்டார். அவர்கள் வெளியே சொன்ன காரணம் தரவு. ஆனால் பாலஸ்தீனம் பற்றி அந்தத் தளத்தில் வருகிறவற்றின் அளவைப் பார்த்தால் மூடுவதற்கு ஏன் இவ்வளவு ஆதரவு என்பது புரியும் என்கிற பொருளில் செனட்டர் மிட் ராம்னி அடுத்த மாதம் மேடையிலேயே பேசினார். 2025 ஜனவரி 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தை ஏற்றது. மூன்று நாள் கழித்துப் பதவியேற்ற டிரம்ப், சட்டத்தை அமல்படுத்துவதைத் தள்ளி வைத்தார். பிறகும் தள்ளித் தள்ளி வைத்தார். பதவியேற்பு மேடையில் ஸக்கர்பெர்க்கும் இருந்தார், ச்யூவும் இருந்தார்.

முடிவு 2026 ஜனவரி 22 அன்று வந்தது. அமெரிக்க டிக்டாக் ஒரு கூட்டு நிறுவனமானது. ஆரக்கிள், சில்வர் லேக், அபுதாபியின் எம்.ஜி.எக்ஸ். மூன்றுக்கும் தலா 15 சதவிகிதம், பைட்டான்ஸ் 19.9 சதவிகிதத்தை வைத்துக் கொண்டது. அதாவது, 'அந்நிய'த்தைக் கழுவி எடுத்தார்கள். யார் வந்தார்கள்? ஆரக்கிள் என்கிற பெயரே சி.ஐ.ஏ.வுக்காகச் செய்த ஒரு திட்டத்தின் பெயரிலிருந்து வந்தது. அதன் நிறுவனர் லாரி எலிசன் டிரம்புக்கு வேண்டியவர். எம்.ஜி.எக்ஸ். நிறுவனத்தின் தலைவர் ஷேக் தஹ்னூன். ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரும் அவரே. ஒரு வெளிநாட்டின் பாதுகாப்பு ஆலோசகர் தலைமை வகிக்கும் நிறுவனம் பங்குதாரராக இருப்பது பாதுகாப்புக்குப் பங்கமில்லையாம். இதே எம்.ஜி.எக்ஸ். 2025இல் பைனான்ஸ் என்கிற கிரிப்டோ சந்தையில் 200 கோடி டாலர் முதலீடு செய்தபோது, டிரம்ப் குடும்பம் பங்கு கொண்ட நிறுவனம் வெளியிட்ட டிஜிட்டல் நாணயத்தில் செலுத்தியது. இதை எந்தப் பேரேட்டில் எழுதுவார்கள் என்று யாராவது கேட்டுச் சொன்னால் நல்லது.

ஐரோப்பாவிலும் ஏறக்குறைய இதே சித்திரம்தான், விரித்துப் பேச இங்கு இடமில்லை. 2025 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஹுவாவே சார்பில் லஞ்சம் கொடுக்கப்பட்டதாகப் பெல்ஜியம் போலீஸ் சோதனைகள் நடத்தியது. நாடாளுமன்றம் ஹுவாவே லாபிக்காரர்களை உள்ளே விடாமல் நிறுத்தியது. ஊழலைச் சகிப்பதில்லை என்பது ஹுவாவேயின் பதில். குற்றச்சாட்டு நிரூபணமானால் தண்டிக்கட்டும். 2022 ஜூலையில் 'ஊபர் ஆவணங்கள்' வெளிவந்து, மக்ரோன் பிரெஞ்சுப் பொருளாதார அமைச்சராக இருந்தபோது ஊபருக்காக எப்படியெல்லாம் வழி திறந்து விட்டார் என்று தெரிந்தபோது அவர் அதைப் பெருமையாகவே ஒப்புக் கொண்டார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இனி நம் வீட்டுக்கு. 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கு மோதலில் 20 இந்தியச் சிப்பாய்கள் இறந்தார்கள். 29 அன்று டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. அமெரிக்காவில் தடை கோரியவர்கள் பிறகு இதை முன்னுதாரணமாகக் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, 2019 ஏப்ரலில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்குக்கு மூன்று வாரம் இடைக்காலத் தடை போட்டிருந்தது. அது ஒழுக்கத்தின் பேரால். இம்முறை தேசத்தின் பேரால். சாணி மெழுகிய தரையில் நின்று ஆடிய பெண்கள், சித்தாள் வேலை முடித்து வந்து வசனம் பேசியவர்கள், சாதி தெரியும் தெருக்களிலிருந்து முகம் காட்டியவர்கள் என்று கிட்டத்தட்ட 20 கோடிப் பேர் இருந்த இடம் ஒரு ராத்திரியில் காலியானது. அவர்களில் எவரையும் யாரும் கேட்கவில்லை. ஒன்பது நாளில் ஃபேஸ்புக் குழுமத்தின் இன்ஸ்டாகிராம், 'ரீல்ஸ்' என்ற தன் சரக்கை இந்தியாவில் இறக்கியது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஃபேஸ்புக் ஜியோவில் 9.99 சதவிகிதப் பங்கை 43,574 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்திருந்தது. ஜூலையில் கூகுள் 33,737 கோடியோடு வந்தது. டிஜிட்டல் சுயராஜ்யம் என்று நாம் பேசிக் கொண்டிருந்த மாதங்கள் அவை.

அமெரிக்காவில் குறைந்தபட்சம் ஒரு பேரேடாவது இருக்கிறது. இந்தியாவில் லாபியைப் பதிவு செய்யும் சட்டமே கிடையாது. வால்மார்ட் இந்தியச் சந்தைக்குள் நுழைவதற்காகவும் லாபி செய்தது என்பது 2012 டிசம்பரில் நம் நாடாளுமன்றத்தைக் கலக்கியதே, அந்தத் தகவல் வாஷிங்டனில் அவர்கள் தாக்கல் செய்த படிவத்திலிருந்து வந்தது. இங்கே அதற்கு ஒரு விசாரணைக் குழு போட்டார்கள், ஒன்றும் நிலைநாட்டப்படவில்லை.

'அந்நியர்' என்பதைச் சட்டம் எப்படி ஆக்கவும் அழிக்கவும் முடியும் என்பதற்கு நம்மூர் உதாரணம் இன்னும் துல்லியமானது. லண்டன் வேதாந்தாவின் கிளைகளான ஸ்டெர்லைட், சேசா நிறுவனங்களிடம் காங்கிரசும் பாரதிய ஜனதாவும் நன்கொடை வாங்கியது அந்நியப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தை மீறியது என்று 2014 மார்ச் 28 அன்று டில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 2016இல் நிதி மசோதாவோடு சேர்த்து 'அந்நிய மூலம்' என்பதற்கான வரையறையை மாற்றினார்கள். இனி அனுமதிக்கப்பட்ட முதலீட்டு வரம்புக்குள் இருக்கிற வெளிநாட்டுக் கம்பெனியின் இந்தியக் கிளை அந்நியர் அல்ல. பழைய நன்கொடைகள் அதில் தப்பவில்லை என்று தெரிந்ததும், 2018 மார்ச்சில், விவாதமே இல்லாமல் மக்களவையில் நிறைவேறிய நிதி மசோதாவில், அந்த மாற்றம் 1976 ஆகஸ்டு 5 முதலே அமலில் இருந்ததாகத் திருத்தினார்கள். நாற்பத்திரண்டு வருடம் பின்னோக்கிப் போய் வேதாந்தாவை உள்ளூர்க்காரனாக்கியதில் இரண்டு கட்சிகளுக்கும் ஆதாயம். இதே ஸ்டெர்லைட்டின் தாமிர ஆலையை மூடச் சொல்லி அந்த மார்ச்சில் தூத்துக்குடியில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். மே 22இலும் மறுநாளும் போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். அவர்களைத்தான் அப்போது அந்நிய சக்திகளின் கைக்கூலிகள் என்றும் சமூக விரோதிகள் என்றும் சொன்னார்கள்.